ஞாயிற்றுக்கிழமை மட்டும் விற்ற துருவி

பாறசாலை சந்திப்பில், பேக்கரிக்கு மேலிருந்த ஒற்றை அறைக்குள் மோகனன் நுழைவதற்கு முன்பே அவருடைய விசிட்டிங் கார்டு நுழைந்துவிட்டது. டிரைவர் கொண்டுவந்து கொடுத்த அந்தக் கார்டு நான்காக மடிந்திருந்தது. சேர்மன், மேனேஜிங் டைரக்டர், தொலைநோக்காளர், சமூகச் சிந்தனையாளர் என்று அஜீஷ் ஒவ்வொரு மடிப்பாக விரித்துப் படித்து முடிப்பதற்குள் மோகனன் படியேறி, மூச்சு வாங்கி, நாற்காலியில் சாய்ந்து, குடிக்கத் தண்ணீரும் கேட்டாயிற்று. கடைசி மடிப்பில்தான் அவர் விற்கும் பொருள் இருந்தது. தேங்காய் துருவும் மெஷின்.

"மேடம், எனக்கெ கம்பெனிக்குள்ள சத்ரு புகுந்தாச்சு," என்றார் மோகனன்.

மேசைக்கு அந்தப் பக்கம் விலாசினி பேனாவை மூடி வைத்தார். எல்லைச் சோதனைச் சாவடியில் இருபத்திரண்டு வருஷம் லாரிகளை நிறுத்தி, சரக்கையும் காகிதத்தையும் ஒத்துப் பார்த்தவர் அவர். சாவடிக்குப் பூட்டு போட்ட பிறகும் ஒத்துப் பார்க்கும் பழக்கம் விடாததால் துப்பறியும் வேலைக்காக இந்த அறையை எடுத்திருந்தார். அஜீஷ் கீழே ஜெராக்ஸ் கடை நடத்துகிறவன், நாற்பத்திரண்டு வயது, துணைத் துப்பறிவாளராகத் தன்னைத்தானே நியமித்துக்கொண்டவன். அந்த நியமனத்தை விலாசினி உறுதிசெய்யவும் இல்லை, ரத்துசெய்யவும் இல்லை.

"எத்தனை மெஷின் காணாமப் போச்சு?" என்றார் விலாசினி.

"காணாமப் போகல்ல மேடம். கூடுதலா இருக்கு. அறுபத்து நாலு."

அஜீஷ் நோட்டைத் திறந்தான். கூடுதலாக இருப்பதைப் பற்றி யாரும் புகார் சொல்லி அவன் கேட்டதில்லை.

மோகனன் விளக்கினார். மெஷின் விற்பதெல்லாம் ஆன்லைன் விளம்பரத்தில். கம்பெனியின் டிஜிட்டல் ஆள் இரண்டு வாரம் முன்பே சொன்னபடி, நேற்று, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கம்பெனி சர்வர் ஆயிரமாவது விற்பனையைக் காட்டியது. வியாழக்கிழமை பாராட்டு விழா. மேடை, பொன்னாடை, செண்டை மேளம், பதினாறடி பிளெக்ஸ் எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. இன்று காலை ஆயிரமாவது பெட்டிக்கு ரிப்பன் கட்டப் பெருங்கடவிளை குடோனுக்குப் போனவர், கூட வந்த போட்டோகிராபர் வற்புறுத்தியதால் மிச்சப் பெட்டிகளை எண்ணியிருக்கிறார். வெளியே போனது தொள்ளாயிரத்து முப்பத்தாறுதான்.

"அந்த அறுபத்து நாலும் ஜெஸ்மிக்கெ லாகின்ல ஏறியிருக்கு. ஃபோன்ல ஆர்டர் உறுதி பண்ணுத பொண்ணு. எங்களுக்க டிஜிட்டல் ஆளு தீபு அஞ்சு நிமிஷத்தில கண்டுபிடிச்சிட்டான். எதிர்க்கம்பெனிக்காரனுக்கெ ஆளாக்கும் அவ. பொய் விற்பனையை ஏத்தி எங்களுக்க விளம்பரத்தை நாசமாக்குதா. நாளைக்கு உச்சைக்கு, பன்னிரண்டு மணிக்கு, நான் போலீஸ்ல எழுதிக் குடுப்பேன்."

"அப்போ எனக்கு என்ன வேலை?"

"கம்ப்ளெயின்ட்ல ஒரு வெயிட் வேணும் இல்லியா? மேடம் விசாரிச்சாங்கன்னு ஒரு வரி."

விலாசினி எழுந்து குடையை எடுத்தார்.

பெருங்கடவிளை குடோனின் ஷட்டருக்கு மேலே 'குளோபல் ஹெட்குவார்ட்டர்ஸ்' என்று எழுதியிருந்தது. ஷட்டரிலேயே சின்ன எழுத்தில், 'சரக்குப் பொறுப்பு: சுவாமிதாஸ்', கீழே 4471 என்று முடியும் ஒரு ஃபோன் நம்பர். பக்கத்து வீட்டு ஆடு ஒன்று ஹெட்குவார்ட்டர்ஸின் படியில் படுத்திருந்தது.

உள்ளே கறுப்பு டீஷர்ட்டில் இருந்த இளைஞன் தன்னை 'குரோத் ஆர்கிடெக்ட்' என்று அறிமுகம் செய்துகொண்டான். அவன்தான் தீபு. சுருள்கம்பி போட்ட கலர் ரிப்போர்ட் ஒன்றை நீட்டினான். பக்கத்துக்குப் பக்கம் கோடுகள் மேலே ஏறின.

"மேடத்துக்கு இது புரியணும்னா கொஞ்சம் பேக்ரவுண்ட் வேணும். சர்வர் சைட் கன்வெர்ஷன் டிராக்கிங். பிரவுசர் பொய் சொல்லும். சர்வர் பொய் சொல்லாது."

அஜீஷ் அதை அப்படியே எழுதி, அடிக்கோடும் போட்டான். ஒரு சொல்லும் விளங்கவில்லை.

"நான் சொல்லிப் பாக்கேன்," என்றார் விலாசினி. "முந்தி, வாங்குன ஆளுக்கெ ஃபோனே விளம்பரக்காரன்கிட்ட 'இவன் வாங்கினான்'னு சொல்லும். லாரிக்காரனே சாவடியில சரக்கு சொல்லுத மாதிரி. இப்போ ஃபோனெல்லாம் வாயை மூடிட்டு. அதனால குடோன்ல இருந்து நேரா சாவடிக்கு விளிச்சுச் சொல்லுதோம், இந்த நம்பர்காரன் வாங்கினான்னு. விளம்பரக்காரன் அவனை மாதிரி வேற ஆளைத் தேடிப் பிடிச்சு விளம்பரம் காட்டுவான். சரியா?"

"ரொம்ப சிம்பிளா சொல்லணும்னா..." என்று இழுத்தான் தீபு. தன் தொழிலை யாரோ எளிதாகச் சொல்லிவிட்ட வருத்தம் முகத்தில் தெரிந்தது.

"அப்போ குடோன் தப்பாச் சொன்னா? லாரியை யாரும் பாக்கல்லியே."

"அதைத்தானே மேடம் ஜெஸ்மி செஞ்சிருக்கா."

மூலையில் ஹெட்ஃபோனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஜெஸ்மி உட்கார்ந்திருந்தாள். இருபத்தாறு வயது. அழுது முடித்துவிட்ட முகம். அயர்லாந்தில் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அவளுக்கு ஆர்டர் வந்திருந்தது. போலீஸ் சான்றிதழுக்குப் போன வாரம்தான் விண்ணப்பித்திருந்தாள். பேரில் ஒரு புகார் விழுந்தால் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லாவிட்டால் அயர்லாந்தும் கிடையாது.

"எல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஏறினதாம். அன்னைக்கு நான் இஞ்ச வாறதே இல்ல அக்கா," என்றாள். "எனக்கெ லாகின் குடோன் ஃபோன்லயும் உண்டு. ஸ்டாக் பாக்கணும்னு சாரே சொல்லி நான்தான் போட்டுக் குடுத்தேன். சொன்னா யாரு கேக்குதா?"

"பட்டனை அமுக்கினா என்ன நடக்கும்?"

"வாங்குன ஆளுக்கு ஒரு மெசேஜ் போவும். சாருக்கெ படம், சுத்தி மத்தாப்பு, 'வாழ்த்துகள், நீங்கள் எங்கள் உலகக் குடும்பத்தில் ஒருவர்'னு. அதே நேரம் விளம்பரக் கம்பெனிக்கும் நம்பர் போவும். பின்னே இன்னொண்ணு அக்கா. முந்தி கைதவறி ரெண்டு தடவை பட்டாலும் ஒண்ணாத்தான் எண்ணும். இப்போ ரெண்டு வாரமா ரெண்டாக்குது. தீபுகிட்ட சொன்னேன். பாக்கலாம்னாரு."

"மைனர் பக்," என்றான் தீபு.

விலாசினி தலையசைத்துவிட்டு அவளிடமே கேட்டார்: "அறுபத்து நாலு பேரு சாமான் வாங்கினாங்க. ஒருத்தருக்கும் கிட்டல்ல. எத்தனை பேரு விளிச்சு சண்டை போட்டினும்?"

"ஒருத்தரும் இல்ல."

"நம்ம தாலுகாவிலயா?" என்றார் விலாசினி. ஆச்சரியம் உண்மையானது.

அந்த நேரம் சுவாமிதாஸ் சுக்குக்காப்பி டம்ளருடன் உள்ளே வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. குளத்தூர்ப் பக்கத்தில் மூன்று கிறிஸ்தவ சபைகளில் முன்வரிசை நாற்காலி உள்ளவர் என்று மோகனனே மரியாதையாகச் சொன்னார். ஆனால் வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

"தொண்டைக்கு என்ன அண்ணே?" என்றான் அஜீஷ்.

"கிளைமேட் ஆக்கும்," என்றார் அவர், கிசுகிசுப்பாக.

"குடோன் ஃபோன் ஞாயிற்றுக்கிழமை எங்க இருக்கும்?" என்றார் விலாசினி.

"டிராயர்ல. பூட்டி. சாவி எனக்கெ கையில." அவர் காப்பியை ஊதினார், நெடுநேரம்.

பெட்டிகள் வரிசையாக அடுக்கியிருந்தன. எல்லாம் புத்தம் புதியவை. கடைசி வரிசையில் ஒன்று மட்டும் மூலைகள் நைந்து, பலபேர் கைமாறின மாதிரி அழுக்கேறிக் கிடந்தது. மேலே ஒட்டின டேப்பில் ரோஸ் நிறத் தோரணக் காகிதம் ஒரு விரல் அளவு சிக்கியிருந்தது. விலாசினி அதைப் பார்த்தார், அஜீஷும் பார்த்தான், எலி என்று எழுதிக்கொண்டான்.

"அந்த அறுபத்து நாலுக்கும் பட்டியல் வேணும். தேதி, நேரம், வாங்குன நம்பர்."

"அது ரா டேட்டா மேடம், உங்களுக்குப் புரியாது. ரிப்போர்ட்லயே எல்லாம் இருக்கே."

"ரிப்போர்ட்ல கோடு இருக்கு. எனக்கு லாரி நம்பர் வேணும்."

மோகனன் கையசைத்தார். தீபு அனுப்பினான், முகத்தைச் சுளித்துக்கொண்டு.

மறுநாள் காலை அஜீஷ் தன் ஜெராக்ஸ் கடையில் பட்டியலைப் பெரிய எழுத்தில் பிரின்ட் எடுத்து வைத்தான். எல்லாம் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். எல்லாம் பதினொன்றரைக்கும் ஒரு மணிக்கும் இடையில். முதல் ஞாயிறு ஒன்பது, அடுத்தது இருபத்தைந்து, மூன்றாவது முப்பது.

"சேச்சி, எனக்குப் பிடி கிட்டியாச்சு," என்றான். "ஜெஸ்மி தனியா இல்ல. ஒரு கேங் உண்டு. பாருங்க, ஒரே ஆளு நாலு தடவை வாங்குதான். நடுவில இன்னொருத்தன். பின்னேயும் இவன். மாறி மாறி. கள்ள நம்பராக்கும்."

"கள்ளன்னா பட்டனை படபடன்னு அமுக்கிட்டுப் போவான் மக்கா. இஞ்ச பாரு. முதல்ல ஒண்ணரை நிமிஷத்துக்கு ஒண்ணு. கடைசியில வரும்போ ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் நடுவில நாலு நிமிஷம், அஞ்சு நிமிஷம். இது ஏன் மெல்ல மெல்ல நீளுது?"

"கை வலிச்சிருக்கும்."

அப்போது கடைவாசலில் எலியா வந்து நின்றார். குளத்தூரில் ஒரு சபையின் செயலாளர்; மாதாமாதம் அறிக்கை ஜெராக்ஸ் எடுக்க வருபவர்.

"எலே அஜீஷே, இந்த ஃபோனை ஒண்ணு பாருடே. வேதவசனம் பாக்கத் தொறந்தா துருவி. சமாச்சாரம் பாக்கத் தொறந்தா துருவி. எனக்கு மட்டும் இல்ல, எங்க கமிட்டிக்காரங்க எல்லாருக்கும். எங்க வீட்டில தேங்கா துருவுதது நானா?"

"துருவிப் பாத்தா தெரியும் கஷ்டம்," என்றான் அஜீஷ்.

விலாசினி நிமிர்ந்து பார்த்து, நலம் விசாரிக்கும் குரலில் கேட்டார்: "ஸ்தோத்திரப் பண்டிகை எல்லாம் நல்லபடியா நடந்துதா?"

"ரெண்டு வாரம் முந்தின ஞாயிறு நடந்துது அம்மா. லேலம் பொடிபொடிச்சு, அப்பிடி ஒரு ஏலம். எங்களுது முதல்ல, பின்னே ஒற்றசேகரமங்கலம், முந்தாநாள் ஞாயிறு மலையடிவாரத்தில." எலியா ஜெராக்ஸை எடுத்துக்கொண்டு போனார்.

இதில் துப்பு ஒன்றும் இல்லை என்று முடிவுசெய்து அஜீஷ் நோட்டை மூடினான். விலாசினி பட்டியலில் மூன்று இடத்தில் வட்டம் போட்டார்.

பதினொன்றரை மணிக்குக் குடோனிலிருந்த மோகனனின் 'போர்டு ரூம்' நிறைந்திருந்தது. மேசைமேல் கையெழுத்துக்குத் தயாராகப் புகார்க் கடிதம். ஜெஸ்மி கதவோரம் நின்றாள். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. விலாசினி ஒரு நாற்காலியை இழுத்து அவளிடம் தள்ளிவிட்டுத்தான் பேசத் தொடங்கினார்.

"சாமான் வாங்கிக் கிட்டாதவன் நம்ம ஊர்ல சும்மா இருக்க மாட்டான். அறுபத்து நாலு விற்பனை, எல்லாரும் சும்மா இருக்கினும். அப்போ அவங்க கேட்டது அவங்களுக்குக் கிட்டியாச்சு. மெஷின் இல்ல அது. பின்னே என்ன?"

சுவாமிதாஸ் தொண்டையைச் செருமினார். சத்தம் வரவில்லை.

"சபைக் கோயில் லேலம் பாத்திருக்கீங்களா மோகனன் சாரே? ஒரு பலாக்காயைக் காணிக்கையா வைப்பாங்க. ஒருத்தர் லேலத்தில எடுப்பார். எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார். 'சபைக்கே திருப்பித் தாறேன்'னு மறுபடி மேசையில வைப்பார். அடுத்த ஆளு எடுப்பார். அவரும் வைப்பார். ரெண்டு பெரியவங்களுக்குள்ள வாசியும் போட்டியும் வந்தா ஒரே பலாக்காய் இருபது தடவை விற்கும். முதல்ல வேகமாப் போவும். மேல ஏற ஏற யோசிச்சு யோசிச்சு விளிப்பாங்க, நேரம் நீளும். இந்தப் பட்டியல்ல நீளுத மாதிரி."

அஜீஷ் நோட்டைத் திறந்து 'எலி' என்றிருந்ததை மெல்ல அடித்தான்.

"ஆராதனை முடிஞ்சு பதினொன்றரைக்கு லேலம் தொடங்கும். மூணு ஞாயிறு, மூணு கோயில். ஒரே ஒரு மெஷின். குடோன்ல கடைசி வரிசையில இருக்கு, மூலையெல்லாம் தேஞ்சு, மேல பண்டிகைத் தோரணம் ஒட்டினபடி. மூணு கோயில்லயும் கடைசியா எடுத்தது ஒரே ஆளு. நம்பர் 4471. அந்த நம்பர் இந்தக் கட்டிடத்துக்கெ ஷட்டர்லயே எழுதியிருக்கு. லேலம் விளிச்சு தொண்டையும் போச்சு. கிளைமேட் பாவம், அதுமேல பழி போடண்டாம் அண்ணே."

எல்லோரும் சுவாமிதாஸைப் பார்த்தார்கள். அவர் வேட்டியின் கரையைப் பார்த்தார்.

"காணிக்கைன்னு நான்தான் வச்சேன்," என்றார் கிசுகிசுப்பாக. "குடும்பத்துக்கெ பேர்ல. மூணு சபையிலயும் கூப்பிட்டினும், வெறுங்கையோட எப்பிடி நிக்கது? கடைசியில நானே எடுத்து இஞ்சயே திருப்பி வச்சாச்சு. சாமானுக்கு ஒரு கேடும் இல்ல."

"கம்பெனி மெஷின், குடும்பக் காணிக்கை," என்றார் விலாசினி. "பட்டனை எதுக்கு அமுக்கினீங்க?"

"லேலத்தில எடுத்த ஆளுக்கெ ஃபோன்ல அந்த இடத்தில வச்சே மத்தாப்பு வரும் இல்லியா? ஜனத்துக்கு அது பெரிய காரியம். அந்த மத்தாப்புக்காகவே விளிச்சாங்க. அது விளம்பரக்காரனுக்கும் போவும்னு எனக்கு என்ன தெரியும்? ஜெஸ்மிக்கெ பேரு வருமுன்னும் தெரியாது."

"நேத்து தெரிஞ்சுதே அண்ணே," என்றாள் ஜெஸ்மி. சத்தமாகச் சொல்லவில்லை. சுவாமிதாஸ் இரண்டு பேனாவையும் பையில் சரிசெய்துகொண்டார், சரியாகவே இருந்தவற்றை.

"பாத்தீங்களா!" தீபு எழுந்துவிட்டான். "சத்ரு இல்ல, அறிவில்லாத்தனம். நான் சொன்னதுதான், சர்வர் பொய் சொல்லாது. அதுக்குக் குடுத்ததை அது சொல்லிச்சு. ஓகே சார், கேஸ் க்ளோஸ்டு."

"இரு மக்கா. முதல் ஞாயிறு இன்னும் முடியல்ல."

அவன் உட்காரவில்லை, ஆனால் நின்றதும் சரியாக இல்லை.

"ரெண்டாவது ஞாயிறும் மூணாவதும் ஒரே ஆளு நாலு தடவை, அஞ்சு தடவை எடுக்கார். முதல் ஞாயிறு ஒன்பது விற்பனை, ஒன்பது பேரு. ஒருத்தரும் ரெண்டாவது தடவை எடுக்கல்ல. எலியாவுக்கெ கமிட்டிக்குள்ள அவ்வளவு சமாதானமா? நான் இந்தத் தாலுகாவில பிறந்தவளாக்கும், நம்ப மாட்டேன். அன்னைக்கும் மாறி மாறித்தான் எடுத்திருக்காங்க. ஒரே நம்பர் திரும்பி வந்தா சேத்து ஒண்ணாக்கி எண்ணுத ஒரு சல்லடை அன்னைக்கு இருந்துது. அடுத்த ஞாயிறு இல்ல. ஜெஸ்மி நேத்தே சொன்னா, கைதவறினா ரெண்டாகுதுன்னு. தானா கழண்டு விழுத சாதனமா அது?"

"சிஸ்டம் அப்டேட்ல..."

"ஜெஸ்மி, செட்டிங்ஸ்ல எதை யாரு மாத்தினாங்கன்னு ஒரு பக்கம் உண்டு இல்லியா? தொறந்து சாருக்குக் காட்டு மக்களே."

ஜெஸ்மி திறந்து திரையைத் திருப்பினாள். முதல் ஞாயிற்றுக்கு மறுநாள், திங்கட்கிழமை காலை ஒன்பது பத்து. சல்லடை அணைக்கப்பட்டது; அதற்கு மேல் வரியில், முந்தின நாள் அது தள்ளிவிட்ட, திரும்பி வந்த நம்பர்கள் பதினாறு. பக்கத்தில் தீபுவின் பெயர், குரோத் ஆர்கிடெக்ட் என்ற பட்டத்துடன்.

"அது ஆப்டிமைசேஷன்," என்றான் தீபு.

"பதினஞ்சு தடவைக்கு மேல ஒரே நம்பர்கள் திரும்பி வந்து, சர்வர் தள்ளிவிட்டதை அன்னைக்கு நீ பாத்தே. எங்கேருந்து வருதுன்னு தெரியாது. ஆனா அது விற்பனை இல்லைன்னு தெரியும். அணைச்சா எண்ணிக்கை ஏறும்னும் தெரியும். அன்னைக்கே சாருகிட்ட போய், ரெண்டு வாரத்தில ஆயிரம்னு சொன்னே. சாரு மேடை புக் பண்ணினாரு. நேத்து பெட்டி எண்ணினதும், லாகின் யாருதுன்னு பாத்து, அவ தலையில வச்சாச்சு. எதிர்க்கம்பெனி எல்லாம் அஞ்சு நிமிஷத்தில உண்டாக்கின கம்பெனி. ரெண்டு வாரமா விளம்பரம் துருவ வேண்டிய ஆளுகிட்ட போகாம, கோயில் கமிட்டிக்காரன் பின்னால போவுது. அதையும் நீ பாத்துட்டுத்தான் இருந்தே."

தீபு மோகனனைப் பார்த்தான். மோகனன் ஜன்னல் வழியே பிளெக்ஸைப் பார்த்தார். பதினாறடியில் அவரே சிரித்துக்கொண்டிருந்தார். தீபு சுருள்கம்பி ரிப்போர்ட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே போனான். படியிலிருந்த ஆடு எழுந்து வழிவிட்டது.

பிறகு மோகனன் தன் நாற்காலியில் நிமிர்ந்தார். ஒரு தொலைநோக்காளர் இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்யத் தீர்மானித்தது முகத்திலேயே தெரிந்தது. கையை உயர்த்தினார்.

"ஜெஸ்மி. நடந்தது நடந்து போச்சு. எனக்கு யாருகிட்டயும் பகை கெடையாது. நான் உன்னை மன்னிச்சாச்சு."

"எதுக்கு சார்?" என்றாள் ஜெஸ்மி.

உயர்ந்த கை அங்கேயே நின்றது.

"எதுக்குன்னா... பொதுவா."

"பொதுவா எதுக்கு?"

அவள் குரலை உயர்த்தவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் போலக் கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். மோகனன் விலாசினியைப் பார்த்தார். விலாசினி குடையின் கம்பியைச் சரிசெய்துகொண்டிருந்தார். அஜீஷைப் பார்த்தார். அஜீஷ் பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டு, அவர் சொல்லப்போவதை எழுதிக்கொள்ளக் காத்திருந்தான்.

"தப்பு எனக்கெதாக்கும்," என்றார் மோகனன் கடைசியில். சுவாமிதாஸின் தொண்டை அவருக்கும் தொற்றிவிட்ட மாதிரி இருந்தது.

"அஜீஷுக்குக் கேக்கல்ல," என்றார் விலாசினி.

"தப்பு எனக்கெதாக்கும்! போதுமா?"

ஜெஸ்மி எழுந்து மேசைமேலிருந்த புகார்க் கடிதத்தை எடுத்தாள். நிதானமாக முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தாள். தன்னைப் பற்றி எழுதப்பட்டதைத் தான் ஒருமுறையாவது படிக்க வேண்டும் என்று நினைத்திருப்பாள். பிறகு அதை நான்காகக் கிழித்து மேசையிலேயே வைத்தாள்.

"நெய்யாற்றின்கரையில போலீஸ் ஸ்டேஷன்ல மூணு மணிக்கு வரச் சொல்லியிருக்கு, சர்ட்டிஃபிகேட் விசாரணைக்கு," என்றாள். "நான் இனி வர மாட்டேன் சார். லாகினை மாத்திடுங்க."

ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, பன்னிரண்டே காலுக்கு வரும் பஸ்ஸைப் பிடிக்க அவள் வெயிலில் இறங்கி நடந்தாள்.